றோபோ கொல்வது முதலிலேயே தெரிந்துவிட்டால் மர்மம் எங்கே? மேடை நாடகத்துக்கு உதவி வேண்டும்

ஓர்ஸ்ஹில்_மேடை எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலரை வைத்து 60 நிமிட மேடை நாடகம் ஒன்று எழுதுகிறோம். மூடிய இடம், சில மனிதர், அவர்களுக்கு வேலை செய்யும் றோபோக்கள், ஒவ்வொருவராகக் கொலை. அமைப்பைப் புரிந்துகொள்ள 1977 இல் பிபிசியில் வந்த டொக்டர் ஹூ தொடரின் 'தி றோபோட்ஸ் ஒஃப் டெத்' நான்கு பகுதிகளையும் பார்த்தோம். கதையை எடுக்கப் போவதில்லை. அது எப்படி ஓடுகிறது என்பதைத்தான் படிக்கிறோம்.

சிக்கல் இதுதான். அதில் முதல் பகுதியிலேயே றோபோ கழுத்தை நெரிப்பதைக் காட்டிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. நாங்கள் எழுதியதில் முதல் கொலையோடு சபை சோர்ந்துவிடும் போலிருக்கிறது.

இன்னும் மூன்று கேள்விகள். அந்தக் கதையின் முடிவில் வருவதுபோல ஈலியம் வாயுவால் குரல் மாறி, றோபோ தன் எசமானையே கொல்வது அறிவியலுக்குப் பொருந்துமா, அதை மேடையில் எப்படிச் செய்வது? ஒரே முகமுள்ள மூன்று றோபோ முகமூடிகளை இங்கே கிடைக்கும் பொருளில் செய்ய முடியுமா? மண்டபத்தில் ஏசி இல்லை. கடைசியாக, அந்தக் கதை நடக்கும் பாலைவனத்துக்குப் பதிலாக நம் பக்கத்து இடம் ஒன்று சொல்லுங்கள்.

(கொலைகாரன் யார் என்பதைத் தாராளமாக எழுதலாம். பார்க்காதவர்கள் இந்த இடத்தோடு திரும்பிவிடவும்.)

---

கன்னியா7 எழுதியது:

உங்கள் சபை சோர்வதற்குக் காரணம் றோபோவைக் காட்டியது அல்ல. சபைக்குத் தெரிந்தது பாத்திரங்களுக்கும் தெரிந்துவிட்டதா என்று பாருங்கள். எழுத்தாளர் கிறிஸ் பௌச்சர் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார். நாம் றோபோவின் கையைப் பார்த்துவிட்டோம். பாலைவனத்தில் மணல் தோண்டும் ஊர்தியில் இருப்பவர்களுக்கோ றோபோ மனிதனைத் தொடவே முடியாது என்பது அசைக்க முடியாத நம்பிக்கை. அவர்களுடைய முழு நாகரிகமும் அந்த நம்பிக்கையில் நிற்கிறது. அதனால் அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள், றோபோ பக்கத்திலேயே தேநீர்த் தட்டோடு நிற்பதுபோல் நிற்கிறது. பயம் அங்கேதான் இருக்கிறது.

றோபோ கருவிதான், கொலைகாரன் அல்ல. ஆகவே கேள்வி 'எந்த றோபோ?' என்பதிலிருந்து 'யாருடைய கட்டளை?' என்பதற்கு நகர்கிறது. இதை உங்கள் பிரதியில் முதல் பத்து நிமிடத்துக்குள் செய்துவிடுங்கள்.

சந்தேகம் எப்படிக் கைமாறுகிறது என்று கவனியுங்கள். அந்த ஊர்தியில் ஒன்பது பேர். வானிலை பலூனுக்கான கருவியை எடுக்கப் போன சப் முதலில் சாகிறான். அதே நேரத்தில் தொடரின் நாயகன் டொக்டரும் அவனுடைய தோழி லீலாவும் வந்து இறங்குகிறார்கள். அந்நியர்கள், ஆகவே பழி அவர்கள் மேல். கெரில், காஸ் இருவரின் உடல்களும் இந்த அந்நியர்களின் பக்கத்திலேயே கிடைப்பதால் அந்தப் பழி கொஞ்சம் நிலைக்கிறது. பிறகு ஸில்டா, கட்டளைத் தளபதி உவானோவ் தன் சகோதரனைச் சாகவிட்டவன் என்று ஒலிபெருக்கியில் கத்துகிறாள். அடுத்த காட்சியில் அவள் பிணமாகக் கிடக்கிறாள், உவானோவ் அருகில் குனிந்து நிற்கிறான். கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான். அதற்குப் பிறகு இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த போர்க் செத்து, ஊர்தி வெடிக்கும் நிலைக்குப் போகிறது. இப்போது சந்தேகத்தைவிட உயிர்தப்புவது பெரிதாகிவிடுகிறது.

ஒவ்வொரு பிணமும் பழியை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுகிறது. வெறுமனே எண்ணிக்கைக்காகச் சாகிறவர் ஒருவரும் இல்லை. உங்கள் பிரதியில் ஒவ்வொரு கொலைக்குப் பக்கத்திலும் 'இதற்கு முன் யார்மேல் சந்தேகம், இதற்குப் பின் யார்மேல்' என்று எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர் வந்தால் அந்தக் கொலையை வெட்டிவிடலாம். 60 நிமிடத்துக்கு நான்கு பிணம் போதும்.

இன்னொரு நுட்பம்: வேடம் போட்டவர்கள் ஒருவரல்ல, மூவர். டாஸ்க் என்ற பெயரில் இருப்பவன் உண்மையில் றோபோக்களால் வளர்க்கப்பட்ட டாரன் கப்பெல். பூல், கம்பனி இரகசியமாக அனுப்பிய ஆள். பேசமுடியாத கீழ்வகை றோபோ போல நிற்கும் டி84 அந்தப் பூலின் கூட்டாளி, நன்றாகவே பேசும். நடுவில் பூலும் டி84 உம் வெளிப்பட்டதும் 'ஒளிந்திருந்தவர்களைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று சபைக்கு ஒரு நிம்மதி வருகிறது. மூன்றாமவன் அந்த நிம்மதிக்குள் ஒளிகிறான்.

---

சல்லிக்கரை எழுதியது:

கன்னியா7 சொன்ன அமைப்பு சரி. ஆனால் துப்பறியும் கதை என்ற அளவில் அது நேர்மையாக விளையாடுகிறதா என்று கேட்டால் நான் அரை மதிப்பெண்தான் போடுவேன்.

டாஸ்க்கைச் சந்தேகிக்க நமக்கு என்ன தடயம் கிடைக்கிறது? மற்றவர்கள் கத்திக்கொண்டும் குத்திக்கொண்டும் இருக்க அவன் மட்டும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நிற்கிறான், பழுது பார்க்கவென்று தனியே போகிறான். டேவிட் பெய்லி அதை அளவோடு நடித்திருக்கிறார். றோபோக்களிடம் வளர்ந்தவன் றோபோ மாதிரி அமைதியாகத்தானே இருப்பான். அது நல்ல தடயம். ஆனால் அது நடிப்பில் மட்டும் இருக்கிறது, வசனத்தில் இல்லை. இதற்கு நேர் எதிராக, கப்பெல் திரையில் தோன்றி றோபோத் தலைவன் எஸ்வி7 க்குக் கட்டளையிடும் இடத்தில் நிறத்தை மட்டும் மாற்றி முகத்தைக் காட்டுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கவனமாகப் பார்ப்பவன் அங்கேயே பிடித்துவிடுவான்.

உங்களுக்கு மேடையில் அந்தப் பிரச்சினை இல்லை. கட்டளைக் குரலைத் திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் கொடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: றோபோ குரலை வைத்துத்தான் எசமானை அடையாளம் காண்கிறது என்ற விதி நாடகத்தின் முதல் காற்பகுதியில், ஒரு சாதாரண வேடிக்கைக் காட்சியாக வந்துவிட வேண்டும். உதாரணமாக, தடிமல் பிடித்த ஒருவன் தேநீர் கேட்கிறான், றோபோ 'குரல் பொருந்தவில்லை' என்று அசையாமல் நிற்கிறது. சபை சிரித்துவிட்டு மறந்துவிடும். கடைசியில் ஈலியம் வரும்போது ஏமாற்றியதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

பூலைப் பற்றி ஒரு விஷயம். றோபோவின் கையில் இரத்தத்தைப் பார்த்ததும் அவன் மனம் உடைந்து போகிறான். றோபோக்களின் முகத்தில் உடல்மொழி இல்லாததால், பிணங்களோடு வாழ்கிறோம் என்ற பயம் சிலருக்கு உள்ளே ஊறிக்கொண்டிருக்கும் என்பது கதையில் வரும் நோய். அந்தப் பாத்திரத்தில் நடித்த டேவிட் கொலிங்ஸ், 1969 இல் பிபிசியின் 'அவுட் ஒஃப் தி அன்நோன்' வரிசையில் ஐசக் அசிமோவின் 'தி நேக்கட் சன்' நாடகமானபோது துப்பறியும் றோபோ டானீல் ஆக நடித்தவர். அதே அசிமோவின் முன்னைய நாவலான 'தி கேவ்ஸ் ஒஃப் ஸ்டீல்' 1964 இல் பீட்டர் குஷிங் நடிக்க ஒளிபரப்பானது. இரண்டின் நாடாக்களும் முழுதாக மிஞ்சவில்லை. றோபோவும் கொலையும் சேர்ந்த தொலைக்காட்சிக் கதை என்றால் முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் பழையவற்றில் இந்த 1977 கதைதான் முக்கியம், அதனால்தான் எல்லாரும் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

---

பரிவு_அதிர்வு எழுதியது:

ஈலியம் பகுதிக்கு வருகிறேன்.

பலர் நினைப்பதுபோல ஈலியம் குரல்நாண் அதிரும் வேகத்தைக் கூட்டுவதில்லை. அது ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். மாறுவது தொண்டையும் வாய்க்குழியும் பரிவுறும், அதாவது ஒலியைப் பெருக்கிக் காட்டும், அதிர்வெண்கள். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர், தூய ஈலியத்தில் ஏறத்தாழ 1000 மீற்றர். பரிவு அதிர்வெண்கள் அதற்கேற்ப மேலே போகின்றன. ஒருவரின் குரலை இன்னார் என்று காட்டுவதில் பெரும்பங்கு அந்தப் பரிவுகளுக்குத்தான். ஆகவே குரல்கொண்டு அடையாளம் காணும் இயந்திரம் குழம்பிவிடும் என்ற கதையின் அடிப்படை சரியானது.

பலவீனம் அளவில் இருக்கிறது. அறையில் பாதி காற்று, பாதி ஈலியம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கலவையில் ஒலியின் வேகம் 1.37 மடங்காகும். குரல் நன்றாகவே மாறிக் கேட்கும். ஆனால் ஒட்சிசன் 21 வீதத்திலிருந்து 10.5 வீதத்துக்கு இறங்கிவிடும், அதற்குள் இருப்பவர் சிறிது நேரத்தில் தலைசுற்றி விழுவார். இனி வாயு எவ்வளவு வேண்டும்? 6 மீற்றருக்கு 5 மீற்றர், உயரம் 3 மீற்றர் உள்ள அறை 90 கன மீற்றர். நன்றாகக் கலந்து மேலதிகம் வெளியேறுகிறது என்று கணக்கிட்டால் பாதிக்குப் பாதி வர 62 கன மீற்றர் ஈலியம் தேவை. 50 லீற்றர் பெரிய சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 7 கன மீற்றர்தான் இருக்கும். ஆக ஒன்பது சிலிண்டர். ஒளிந்திருக்கும் ஒருவர் ஒற்றைச் சிலிண்டரைத் திறந்து முடிக்கிற வேலை அல்ல.

பிரதியில் இதைச் சரிசெய்வது சுலபம். கடைசிக் காட்சியைப் பெரிய அறையில் வைக்காமல் 2 மீற்றருக்கு 2 மீற்றர், உயரம் 2.5 மீற்றர் உள்ள கட்டுப்பாட்டுக் கூண்டில் வையுங்கள். 10 கன மீற்றர். கணக்கு 6.9 கன மீற்றர், சரியாக ஒரு சிலிண்டர். இன்னொரு நன்மை: ஈலியத்தை மெதுவாக விட்டால் முதலில் கூரைப் பக்கம் தேங்கிப் பிறகு கீழே இறங்கும். நிற்கிறவன் வாய்க்கு அது முதலில் எட்டும், கீழே பதுங்கியிருப்பவருக்குப் பிந்தி எட்டும். பீறிட விட்டால் உடனே கலந்து எல்லாருக்கும் ஒன்றாகிவிடும். ஆகவே 'மெல்லத் திற' என்று ஒரு வசனம் வையுங்கள். சிலிண்டர் சீறும் சத்தத்தை மறைக்க இயந்திர இரைச்சல் அந்தக் காட்சி முழுக்க ஓட வேண்டும்.

சிலிண்டர் அங்கே எப்படி வந்தது என்று கேட்பார்கள். மூலத்தில் வானிலை பலூன் முதல் கொலையிலேயே வந்துவிடுகிறது. உங்களுடையதிலும் ஏதாவது ஒரு நியாயமான வேலைக்காக அது ஆரம்பத்திலிருந்தே மேடை மூலையில் நிற்கட்டும்.

மேடையில் நடிகருக்கு உண்மையான ஈலியம் கொடுக்கவே வேண்டாம். சிலிண்டரிலிருந்து நேரே இழுத்தால் அழுத்தம் நுரையீரலைக் கிழிக்கும், இரண்டு மூச்சில் மயக்கமும் வரும். வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்யுங்கள். இலவச மென்பொருளான பிராட்டில் 'சேஞ்ச் ஜெண்டர்' என்ற கட்டளை இருக்கிறது. ஃபோர்மன்ட் என்பது அந்தப் பரிவு, பிட்ச் என்பது குரலின் உயரம். ஃபோர்மன்ட் ஷிஃப்ட் றேஷியோ 1.37, நியூ பிட்ச் மீடியன் 0, மற்ற இரண்டு காரணிகளும் 1. பிட்சை 0 இல் விட்டால் மாற்றமில்லை என்று அர்த்தம். சாதாரண ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் பிட்சை மட்டும் உயர்த்தினால் கார்ட்டூன் அணில் மாதிரி வரும், சபை சிரித்துவிடும். கொலை நடக்கிற இடத்தில் சிரிப்பு வேண்டாமே. முதல் வசனத்துக்கு 1.1, அடுத்ததுக்கு 1.2, கடைசிக்கு 1.37 என்று படிப்படியாக ஏற்றினால் அவன் தானே தன் குரலைக் கேட்டு அஞ்சுவதை நடிக்க இடம் கிடைக்கும்.

---

ஓர்ஸ்ஹில்_மேடை எழுதியது:

கூண்டு யோசனைக்கு மிக்க நன்றி. அந்தக் காட்சியை அப்படியே மாற்றுகிறோம். றோபோக்களின் குரலுக்கும் ஏதாவது எஃபெக்ட் போட வேண்டுமா?

---

பரிவு_அதிர்வு எழுதியது:

வேண்டாம். மூலத்திலும் அவை மிக மரியாதையாக, சமநிலையாகத்தான் பேசுகின்றன. கழுத்தை நெரிக்கும்போதும் அதே தொனி. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆக்கினால் அந்தப் பயம் போய்விடும். நடிகர் வசனத்தின் கடைசிச் சொல்லில் தொனியை இறக்காமல் பேசிப் பழகினால் போதும். முகமூடிக்குள்ளிருந்து சத்தம் மூடிக்கொண்டு வரும் என்பதால் உள்ளே சிறிய மைக் வையுங்கள், அல்லது பக்கத் திரையில் நின்று இன்னொருவர் பேசட்டும்.

---

பைபர்_படகு எழுதியது:

தம்பி, முகமூடிக்கு கடதாசிக் கூழ் எண்டு போகாதேங்கோ. நம்மட ஈரக்காத்துக்கு ரெண்டு ஒத்திகையில ஊதிப் போகும். திருகோணமலையில பைபர் படகு செய்யிற, திருத்திற இடத்தில கேட்டால் ரெசினும் (இறுகிற பிசின்) மாட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) சில்லறையா வாங்கலாம். மூலத்தில றோபோ எல்லாத்துக்கும் ஒரே செதுக்கின முகம், அலையலையான தலைமுடி, பழைய ஆர்ட் டெக்கோ சிலை மாதிரி. ஒரு அச்சு செய்தால் எத்தினை முகமும் எடுக்கலாம், அதுதான் உங்களுக்கும் வேணும்.

களிமண்ணில முகத்தைச் செய்து, அதில இருந்து பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் அச்சு எடுங்கோ. அச்சு நல்லாக் காயவேணும், உள்ளுக்கு ஈரம் இருந்தால் ரெசின் ஒட்டிப்பிடிக்கும். மெழுகு மூண்டு தரம் பூசித் துடைச்சு, மேலால, ரெசின் அச்சில ஒட்டாமல் இருக்க பிவிஏ ரிலீஸ் ஒரு பூச்சு. மாட் 300 கிராம் ரகம், ரெண்டு படை. ஒரு முகத்துக்கு ரெசின் 250 கிராம் அளவில போகும். மாட்டின்ர நிறையைப் போல ரெண்டரை மடங்கு எண்டு கணக்கு வையுங்கோ, கூடினால் பாரமும் வெடிப்பும்தான்.

ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கிற திரவம்) ரெசினுக்கு 1 வீதம். இந்த வெயிலில 2 வீதம் போட்டால் கோப்பையிலேயே சூடாகிப் புகைக்கும். 250 கிராமுக்கு 2.5 மில்லி, ஊசிபோடுற சிரிஞ்சால அளவுங்கோ, கண்ணால ஊத்தாதேங்கோ. ஒண்டை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ: கோபால்ட் எண்டு ஊதா நிறத்தில ஒரு திரவம் தனியாத் தந்தால் அதையும் ஹார்ட்னரையும் நேராக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசினில கலந்து முடிச்ச பிறகுதான் ஹார்ட்னர். கடையில 'கோபால்ட் போட்ட ரெசினோ?' எண்டு கேட்டு, போட்டதையே வாங்கினால் அந்தத் தலையிடி இல்லை. கண்ணாடி, கையுறை கட்டாயம், வெளியில காத்தோட்டமான இடத்தில வேலை. மழை நாளில செய்யாதேங்கோ. ஈரம் பிடிச்ச மாட் வெள்ளை வெள்ளையாத் தெரியும், மேல்பக்கம் நாள்கணக்கில பிசுபிசுக்கும்.

முழுக்க இறுகிறதுக்கு முன்னம், தோல் மாதிரி வளையிற பதத்தில ஓரத்தைக் கத்தியால வெட்டுங்கோ. பிறகு எண்டால் கிரைண்டர்தான் வேணும், தூசி உடம்பெல்லாம் கடிக்கும். மணம் போகும்வரை ஒரு கிழமை வெளியில வைச்சிட்டுத்தான் ஆருக்கும் போடக் குடுக்கவேணும்.

ஏசி இல்லை எண்டதால நெத்தியிலும் ரெண்டு கன்னத்திலும் 10 மில்லிமீற்றர் ஸ்பொஞ்ச் ஒட்டுங்கோ, முகத்துக்கும் பைபருக்கும் நடுவில காத்து ஓடும். மூக்குக்குக் கீழயும் நாடிக்குக் கீழயும் துளை. முழுத்தலை மூடி செய்யாதேங்கோ, முன்பக்கம் மட்டும் செய்து பின்னால துணித்தொப்பி. ஒரு ஆள் தொடர்ந்து பத்து நிமிஷத்துக்கு மேல போட்டு நிக்காத மாதிரி காட்சியைப் பிரியுங்கோ. மூண்டு முகமும் ஒண்டுதானே, ஆள் மாறினாலும் சபைக்குத் தெரியாது.

கொல்லுற நேரம் கண் சிவக்கவேணும் எண்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு 5 மில்லிமீற்றர் சிவப்பு எல்ஈடி, ரெண்டையும் தொடரா இணைச்சு, 9 வோல்ட் பற்றறி, 330 ஓம் தடை. சுவிச்சைக் கையுறைக்குள்ள வையுங்கோ. எல்ஈடியின்ர பின்பக்கத்தைக் கறுப்பு ரேப்பால மூடாட்டி போட்டிருக்கிறவருக்கே கண் கூசி மேடையில தடக்குப்படுவார். பார்க்கிறதுக்குக் கண்ணுக்குக் கீழ மெல்லிய வெட்டு விட்டு, உள்பக்கம் கறுப்பு வலைத்துணி ஒட்டுங்கோ.

மூலத்தில ஒவ்வொரு பிணத்திலயும் ஒரு சிவப்பு வட்டம் வைச்சிருக்கும், அதுக்கு மினக்கெட வேண்டாம். பிபிசிக்காரரே சைக்கிள் ரிஃப்ளெக்டரைத்தான் வைச்சவை. சைக்கிள் கடையில வாங்குங்கோ.

---

வாடைக்காற்று எழுதியது:

இடத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டாம், திருகோணமலைக்கு வடக்கே கனிய மணல் எடுக்கும் புல்மோட்டை இருக்கிறது.

மூலத்தில் அந்த ஊர்தி மணற்புயலைத் துரத்திக்கொண்டு போகிறது. புயல் மணலைக் கிளறிக் கனமான தாதை வெளிக்கொண்டு வரும், ஊர்தி அதை உறிஞ்சிக்கொள்ளும். புல்மோட்டைக் கரையில் வாடைக்காலத்து அலை அதே வேலையைச் செய்கிறது. சாதாரண மணலின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.65 மடங்கு, அதில் கலந்திருக்கும் கனிமங்களில் இல்மனைற் 4.7 அளவில், ரூட்டைலும் சிர்க்கனும் 4 க்கு மேல். அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் கறுப்பாகப் படிகிறது. தோண்டிய இடத்தை அடுத்த மாரி மறுபடி நிரப்புகிறது. ஆகவே 'புயல் வந்தால்தான் வருமானம், புயல் வந்தால் வெளியே போகவும் முடியாது' என்ற முடிச்சு உங்களுக்கு இயல்பாகவே கிடைக்கிறது. மூலத்தில் குழுவினர் செல்வத்தில் பங்கு எதிர்பார்த்து இருப்பதும், ஆள் செத்தும் தோண்டுவதை நிறுத்த உவானோவ் தயங்குவதும் இங்கே அப்படியே பொருந்தும்.

எதிர்காலக் கதை என்பதால் கரைக்கு அப்பால் நிற்கும் ஒரு கற்பனை மிதவை இயந்திரம் என்று வையுங்கள். காலம் மார்கழி. வாடை கடுமையாக இருக்கும், படகு கிட்ட வர முடியாது, அதனால் பொலிஸ் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆடி, ஆவணி என்று எழுதிவிடாதீர்கள். அப்போது நம் பக்கக் கடல் அமைதி, சபையில் இருக்கும் மீனவர் ஒருவரே போதும் கதையைக் கவிழ்க்க.

மேடைக்குக் கறுப்பு மணல் உண்மையாகவே வேண்டும் என்று கரையில் அள்ளப் போகாதீர்கள். அது கனிய மணல், அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. சிலவற்றில் மொனசைற் கலந்திருக்கும், அதில் தோரியம் உண்டு. ஆற்றுமணலில் கறுப்பு ஒக்சைட் பொடி கலந்தால் தூரத்துக்கு அதே நிறம்.

---

சல்லிக்கரை எழுதியது:

புல்மோட்டை நல்ல தெரிவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: டி84 மாதிரி ஒரு நல்ல றோபோ உங்கள் நாடகத்தில் இருக்கிறதா? மூலத்தில் றோபோக்களை முடக்கும் கருவியை, தானும் அழிவோம் என்று தெரிந்தே டி84 இயக்குகிறது. அது இல்லாவிட்டால் கதை 'இயந்திரம் கெட்டது' என்று தட்டையாகப் போய்விடும். மூன்று றோபோக்களில் ஒன்றுக்காவது வேறு நிற உடுப்புக் கொடுங்கள். மூலத்தில் பேசாத வகை கறுப்பு, பேசும் வகை வெளிர்பச்சை, தலைவன் வெள்ளி. முகம் ஒன்றாக இருக்கட்டும், உடுப்பு பிரித்துக் காட்டட்டும். அப்போதுதான் பைபர்_படகு சொன்னபடி நடிகர்களை மாற்றினாலும் சபை குழம்பாது.

---

ஓர்ஸ்ஹில்_மேடை எழுதியது:

நல்ல றோபோ இருக்கிறது, ஆனால் இரண்டாவது காட்சியிலேயே பேசிவிடுகிறது. அதைப் பாதிவரை ஊமையாக வைத்து எழுதுகிறோம். பைபர்_படகு அண்ணை, களிமண் முகத்தில் தலைமுடி அலைகளை எவ்வளவு ஆழம் வெட்டலாம்? அச்சிலிருந்து கழற்றும்போது சிக்கிக்கொள்ளுமா?

---

பைபர்_படகு எழுதியது:

ஓம், சிக்கும். 4, 5 மில்லிமீற்றருக்கு மேல போகாதேங்கோ, பள்ளத்தின்ர சுவர் வெளியால விரிஞ்சு இருக்கவேணும், உள்ளுக்குக் குடையக் கூடாது. காதை முகத்தோட சேர்க்காமல் தனியாச் செய்து பிறகு ஒட்டுங்கோ. கழற்றேக்க ஓரத்தில தண்ணி விட்டால் பிவிஏ கரைஞ்சு தானா விடும், கத்தி விட்டு நெம்பாதேங்கோ, அச்சு உடைஞ்சால் மற்ற ரெண்டு முகமும் வராது.